சட்டம் "கொடு" என்கிறது. கடை "இல்லை" என்கிறது!

அவசர கர்ப்பத் தடை மாத்திரை: சென்னையில் நடப்பது என்ன?

டாக்டர் சீட்டு வேண்டாம் என்று மத்திய சர்க்கார் சொல்லி 20 வருஷம் தாண்டிவிட்டது

சென்னை, 

இரவு மணி ஒன்பது. மருந்துக்கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கு சர்க்கரை மாத்திரை. இன்னொருவருக்கு இருமல் மருந்து.

ஓரமாக ஒரு பெண் நிற்கிறாள். எல்லாரும் போகட்டும் என்று காத்திருக்கிறாள். கூட்டம் கலைந்ததும், குரலைத் தாழ்த்தி ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்கிறாள்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார். கழுத்தைப் பார்க்கிறார். தாலி இருக்கிறதா?

"அதெல்லாம் இங்கே கிடையாதும்மா. கவர்மெண்டே தடை பண்ணிட்டாங்க!"

அடுத்த கடை. அங்கேயும் அதே பதில். மூன்றாவது கடையில் "டாக்டர் சீட்டு இருக்கா?" என்கிறார்கள்.

சென்னை நகரில் பெண்கள் பலர் பல வருஷங்களாகச் சொல்லி வரும் அனுபவம் இது. பத்திரிகைகளில் திரும்பத் திரும்பச் செய்தியும் வந்திருக்கிறது.

கடைக்காரர் சொன்னது உண்மையா? அரசாங்கம் தடை போட்டிருக்கிறதா? சீட்டு கேட்பது சரியா?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

எந்த மாத்திரை?

இந்த மாத்திரையின் மருந்துப் பெயர் லெவோநார்ஜெஸ்ட்ரல். ஒரு மாத்திரையில் 1.5 மில்லிகிராம் இருக்கும். "ஐ-பில்", "அன்வாண்டட்-72" என்ற பெயர்களில் 2007 முதல் இந்தியா முழுவதும் பிரபலம் ஆனது.

உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறார்களோ அவ்வளவுக்கு பலன் அதிகம். 5 நாள் வரை கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் நாள் ஆக ஆக பலன் குறையும்.

இது கருவைக் கலைக்கும் மாத்திரை அல்ல! பலரும் குழம்புவது இங்கேதான்.

பெண்ணின் சினைப்பையில் இருந்து முட்டை வெளியே வருவதை இது தள்ளிப் போடுகிறது. முட்டை வரவில்லை என்றால் கரு ஏது? ஏற்கெனவே கர்ப்பம் ஆகிவிட்டால் இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. உள்ளே இருக்கும் கருவுக்குக் கெடுதலும் செய்யாது.

கருவைக் கலைக்கும் மருந்து வேறு. அதன் பெயர் மிஃபெப்ரிஸ்டோன். அதை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

இரண்டும் வேறு வேறு மருந்து. இரண்டுக்கும் சட்டம் வேறு வேறு. ஆனால் கடையில் இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

மருந்து விற்பனைக்கு அடிப்படை, வெள்ளைக்காரன் காலத்தில் வந்த 1940ஆம் வருஷத்து மருந்துச் சட்டம். அதன் கீழ் 1945இல் விதிகள் வந்தன.

அந்த விதிகளில் பல பட்டியல்கள் உண்டு. "எச்" பட்டியலில் இருக்கும் மருந்தை டாக்டர் சீட்டு இருந்தால்தான் கொடுக்கலாம். "கே" பட்டியல் என்பது விலக்குப் பட்டியல். "இந்த அளவுக்குள் இருந்தால் இந்தக் கட்டுப்பாடு வேண்டாம்" என்று சொல்லும் பட்டியல் அது.

தினசரி சாப்பிடும் கர்ப்பத் தடை மாத்திரைகளில் உள்ள மருந்துகள் சில "எச்" பட்டியலில் இருக்கின்றன. ஆனால் குறிப்பிட்ட அளவுக்கு "கே" பட்டியலில் விலக்கு தந்திருக்கிறார்கள். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த சென்ட்குரோமான், அதாவது "சஹேலி" மாத்திரை, 30 மில்லிகிராம் அளவில் இப்படி விலக்குப் பெற்றதுதான்.

அவசர மாத்திரைக்கு சீட்டு வேண்டாம் என்று மத்திய சர்க்கார் மாற்றியது 2005ஆம் வருஷம்.

2024இல் ஒரு பரபரப்பு கிளம்பியது. "இனிமேல் அவசர மாத்திரைக்கும் சீட்டு கட்டாயம்" என்று செய்தி பரவியது. அப்படி மாற்றம் எதுவும் செய்யவில்லை என்று மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அப்போதே விளக்கம் கொடுத்தது.

இதில் இன்னொரு சிக்கல். "சீட்டு இல்லாமல் விற்கலாம்" என்று ஒரு தனிப் பட்டியலே நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. எது கூடாது என்றுதான் பட்டியல் போட்டிருக்கிறார்கள். எது கூடும் என்று கடைக்காரர் தானே கண்டுபிடிக்க வேண்டும்! சந்தேகம் வந்தால் அவர் என்ன செய்வார்? "இல்லை" என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக் கொள்வார்.

தடை உண்டா, இல்லையா?

மாநில சர்க்கார் எழுத்தில் தடை போட்டதாக ஓர் உத்தரவையும் இதுவரை யாரும் எடுத்துக் காட்டவில்லை. நிருபர்கள் கேட்ட போதெல்லாம் "தடை எதுவும் இல்லை" என்றுதான் அதிகாரிகள் தரப்பில் பதில் வந்திருக்கிறது.

அப்படியானால் ஏன் கிடைக்கவில்லை?

முதல் காரணம், விளம்பரம் கிளப்பிய எதிர்ப்பு. 2007க்குப் பிறகு டி.வி.யில் இந்த மாத்திரைக்கு விளம்பரம் வந்தது. வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வந்தது. "கலாசாரம் கெட்டுப் போகும்" என்று குரல் எழுந்தது.

விளம்பரத்துக்கு ஒரு பழைய சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1954ஆம் வருஷத்து மருந்து மற்றும் மாய மருந்து விளம்பரச் சட்டம். மந்திரித்த தாயத்து, லேகியம் என்று ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க வந்த சட்டம் அது. பெண்கள் கர்ப்பம் ஆகாமல் தடுக்கும் மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்றும் அதில் ஒரு வரி இருக்கிறது! மாய மருந்தையும் மெய்யான மருந்தையும் ஒரே கயிற்றில் கட்டிய வரி அது.

இரண்டாவது காரணம், பயம். கருக்கலைப்பு மாத்திரை விஷயத்தில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கடுமை காட்டுகிறார்கள். சீட்டு எங்கே, பில் எங்கே, கணக்கு எங்கே என்று கேட்கிறார்கள். அது அவர்கள் கடமை. ஆனால் அந்தப் பயம் பக்கத்தில் இருந்த மாத்திரைக்கும் தொற்றிக் கொண்டது. "எதுக்கு வம்பு? நூறு ரூபாய் மாத்திரைக்காக லைசென்ஸை இழக்கணுமா?" என்ற கணக்கு.

மூன்றாவது காரணம், கடைக்காரரின் சொந்த அபிப்பிராயம். கல்யாணம் ஆகாத பெண் கேட்டால் "தப்பு" என்று நினைக்கிறவர்கள் உண்டு. நாப்கினையே பேப்பரில் சுற்றி கறுப்புப் பையில் போட்டுக் கொடுக்கும் ஊர் இது!

சட்டத்தில் ஓர் ஓட்டை

இருக்கும் மருந்தை "தர மாட்டேன்" என்று ஒரு கடைக்காரர் சொல்ல முடியுமா?

முடியாது. 2013ஆம் வருஷத்து மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் இது தெளிவாக இருக்கிறது. கடையில் இருக்கும் மருந்தை, வாங்க வருகிறவருக்கு விற்க மறுக்கக் கூடாது. மறுத்தால் தவறு.

ஆனால் "கடையில் இருக்கும் மருந்தை" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இன்ன மருந்தைக் கட்டாயம் வாங்கி வைக்க வேண்டும் என்று எந்தக் கடைக்காரரையும் சட்டம் நிர்ப்பந்திக்கவில்லை.

ஆகவே வாங்கி வைக்காமலே இருந்துவிட்டால்? எந்தச் சட்டமும் தொட முடியாது!

தடை உத்தரவு இல்லாமலே ஒரு தடை நடப்பது இந்த ஓட்டை வழியாகத்தான். எழுத்தில் தடை இருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். எழுத்தில் இல்லாத தடையை எதிர்த்து எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது? பிரதிவாதி யார்?

முன்னோடி மாநிலத்திலா இப்படி?

வேடிக்கை என்னவென்றால், குடும்பக் கட்டுப்பாட்டில் வழிகாட்டிய ஊரே இதுதான்.

1920களின் கடைசியில் சென்னையில் "நியோ மால்தூசியன் லீக்" என்று ஒரு சங்கம் இருந்தது. ஐகோர்ட் நீதிபதியாக இருந்த வேப்பா ராமேசம் போன்ற பெரிய மனிதர்கள் அதில் இருந்தார்கள். கர்ப்பத் தடை பற்றிப் பத்திரிகையும் நடத்தினார்கள்.

அதே காலத்தில் பெரியார் ஒரு படி மேலே போனார். மற்றவர்கள் உடல் நலத்துக்காக, குடும்பப் பொருளாதாரத்துக்காக கர்ப்பத் தடை வேண்டும் என்றார்கள். பெண் சுதந்திரமாக வாழ்வதற்காக வேண்டும் என்றார் அவர்.

1968இல் "நிரோத்" வந்தது. மூன்று 15 பைசா! மருந்துக்கடையில் மட்டுமா விற்றார்கள்? டீத்தூள், சோப்பு, சிகரெட் விற்கும் பெரிய கம்பெனிகளின் வண்டியில் ஏற்றி, மூலை முடுக்கில் உள்ள பெட்டிக்கடை வரைக்கும் கொண்டு போனார்கள். சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம் வரைந்தார்கள்.

பலன் என்ன? தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி குழந்தை 1.8 என்று 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அகில இந்திய சராசரி 2.0.

ஆனால் இந்த வெற்றியின் பின்னால் இருப்பது ஆபரேஷன். இரண்டாவது பிரசவம் ஆனதும் பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். கல்யாணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தேர்ந்தெடுக்கும் முறை இது ஒன்றுதான். மாத்திரையோ நிரோத்தோ பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு.

அதாவது, குழந்தை பெற்று முடித்த பெண்ணுக்கு வழி இருக்கிறது. இன்னும் பெறாதவளுக்கும், இடைவெளி வேண்டும் என்கிறவளுக்கும் வழி குறுகல்!

பாதிப்பு யாருக்கு?

"இது கல்யாணம் ஆகாதவங்க சமாச்சாரம்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு நிரோத் கிழிந்துவிட்டால்? தினசரி மாத்திரை மூன்று நாள் விட்டுப் போய்விட்டால்? புருஷன் குடித்துவிட்டு வந்து கட்டாயப்படுத்தினால்? அவளுக்கும் இதே 72 மணி நேரம்தான்.

பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டும் என்று 2014இல் மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் நடந்ததை யாரிடமும் சொல்ல முடியாமல், ஆஸ்பத்திரிக்கும் போகாமல் இருக்கும் பெண்ணுக்குத் தெருமுனைக் கடைதான் கதி.

கடை கைவிட்டால் என்ன நடக்கும்? புதுச்சேரியில் இருந்தோ பெங்களூரில் இருந்தோ யாராவது வாங்கி வர வேண்டும். வசதி உள்ளவர்களுக்கு அது நடக்கும். தனி டாக்டரிடம் போவார்கள்.

கட்டட வேலைக்குப் போகும் பெண்? வீட்டு வேலை செய்யும் பெண்? ஆஸ்டலில் இருக்கும் மாணவி? ஒரு நாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பதற்குள் மணிக்கணக்கு முடிந்துவிடும்.

அதன் பிறகு மிஞ்சுவது கருக்கலைப்பு. அதையும் தெரியாதவர்களிடம் போய் செய்து கொண்டால் உயிருக்கே ஆபத்து. கருக்கலைப்பைத் தடுக்கக்கூடிய மாத்திரையை, கருக்கலைப்பு மாத்திரை என்று நினைத்து ஒதுக்கி வைக்கிறார்கள். இதைவிட விபரீதம் வேறு உண்டா?

கிராமத்தில் கதை வேறு மாதிரி. 2011இல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் கொண்டு வந்தது. "ஆஷா" பெண் ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுப்பார்கள். நிரோத் பாக்கெட் ஒரு ரூபாய். ஒரு மாதத்து மாத்திரை ஒரு ரூபாய். அவசர மாத்திரை இரண்டு ரூபாய். ஒரு கையால் இரண்டு ரூபாய்க்கு சர்க்காரே கொடுக்கும் மாத்திரை, கடையில் எப்படி "தடை" மாத்திரை ஆகும்?

எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது?

சீட்டு வேண்டும் என்கிறவர்கள் எல்லாரையும் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

இது தினசரி சாப்பிடும் மாத்திரை அல்ல. சிலர் மிட்டாய் மாதிரி மாதம் நாலு தடவை சாப்பிடுகிறார்கள் என்று டாக்டர்கள் வருத்தப்படுகிறார்கள். அடிக்கடி சாப்பிட்டால் மாத விலக்கு தாறுமாறாகும். வாந்தி, தலை சுற்றல் வரலாம். காச நோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும், சில வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதன் பலன் குறைந்து போகும். எய்ட்ஸ் போன்ற நோய்களை இது தடுக்காது.

தினசரி மாத்திரைகளில் சிலவற்றுக்கு இன்னும் கவனம் தேவை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், ரத்தம் உறையும் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

இதெல்லாம் உண்மை. ஆனால் இதற்கு மருந்து என்ன? மாத்திரையை ஒளித்து வைப்பதா? கவுண்ட்டரில் நிற்கும் பார்மசிஸ்ட் இரண்டு கேள்வி கேட்டு, இரண்டு விஷயம் சொல்லிக் கொடுப்பதா? பார்மசி படித்தவர் கடையில் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது எதற்கு?

18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் வந்தால் சிக்கல் பெரிது. 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தால் கடைக்காரர் வாயைத் திறப்பதில்லை. இதற்குச் சர்க்கார்தான் தெளிவு தர வேண்டும்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவிலும் இதே இழுபறி நடந்தது. 1999இல் சீட்டுடன் வந்தது. 2006இல், 18 வயதானால் சீட்டு வேண்டாம் என்றார்கள். வயது வரம்பே வேண்டாம் என்று நிபுணர்கள் சொன்னபோது, 2011இல் சுகாதார மந்திரியே குறுக்கே புகுந்து தடுத்தார். 2013 ஏப்ரலில் நியூயார்க்கில் நீதிபதி எட்வர்ட் கோர்மன் சர்க்காரைக் கண்டித்துத் தீர்ப்புச் சொன்னார். அந்த ஜூன் மாதம் எல்லா வயதினருக்கும் திறந்துவிட்டார்கள்.

2023 ஜூலையில் இன்னொரு படி. தினசரி சாப்பிடும் "ஓபில்" மாத்திரைக்கும் அங்கே சீட்டு வேண்டாம் என்று அனுமதி கிடைத்தது. 2024 மார்ச் முதல் கடைகளுக்கு வந்தது.

அங்கே 14 வருஷம் எடுத்தது சட்டத்தைத் திறக்க. இங்கே சட்டம் 2005லேயே திறந்துவிட்டது. கடைக் கதவுதான் மூடிக் கிடக்கிறது!

என்ன செய்யலாம்?

நம் சுப்ரீம் கோர்ட்டும் இதில் மௌனமாக இல்லை. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது பெண்ணின் தனி மனித சுதந்திரம் என்று 2009இல் சொன்னது. கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்று கருக்கலைப்புச் சட்டத்தில் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. கோர்ட் கேட்காத தாலியை, கடைக்காரர் கேட்கலாமா?

புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர் அலுவலகத்தில் இருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.

"இந்த மாத்திரைக்குத் தடை இல்லை. டாக்டர் சீட்டு தேவை இல்லை. இது கருக்கலைப்பு மருந்து அல்ல. இதை விற்றதற்காக யார் மீதும் நடவடிக்கை வராது" என்று நாலு வரி. அதைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு மருந்துக்கடைக்கும் அனுப்பலாம்.

அரசு ஆஸ்பத்திரிகளில் இரவு நேரத்திலும் இந்த மாத்திரை கிடைக்கச் செய்யலாம். மருந்துக்கடை சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசலாம். பயத்தைப் போக்கினால் பாதி கதவு தானாகத் திறக்கும்.

தடை இருக்கிறது என்றால் எழுத்தில் சொல்லட்டும். கோர்ட்டில் பார்த்துக் கொள்ளலாம். இல்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லட்டும்!

வாய் வார்த்தையில் "தடை இல்லை" என்று அதிகாரி சொல்கிறார். வாய் வார்த்தையில் "தடை" என்று கடைக்காரர் சொல்கிறார். இரண்டுக்கும் நடுவில் கடை கடையாக ஏறி இறங்குகிறாள் ஒரு பெண்.

அவளுக்கு இருப்பது 72 மணி நேரம். அதில் ஓர் இரவு போய்விட்டது.